தொண்ணூறாயிரம் டாலர் அடிமை

ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டாலர் சம்பளம் வாங்குகிற ஒருவன் தன்னை அடிமை என்று சொல்லிக்கொள்ளலாமா? 1970 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஹோவர்ட் கோசெல் என்கிற விளையாட்டு வர்ணனையாளர். கேட்கப்பட்டவர் கர்ட் ஃப்ளட். கறுப்பர், பேஸ்பால் வீரர், அப்போது வயது முப்பத்திரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்ல சம்பளம் கொடுத்து வைத்திருந்தாலும் அடிமை அடிமைதான் என்று அவர் பதில் சொன்னார். மறுநாளிலிருந்து பத்திரிகைகளில் கிண்டல். அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு சாதாரணத் தொழிலாளி பத்து வருஷம் உழைத்தாலும் பார்க்க முடியாத பணம் அது. கிண்டல் செய்யத் தோன்றாமல் இருக்குமா?

நம்முடைய வாசிப்பு வட்டங்களில் இந்தக் கதையை நான் சிலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு தோழராவது கேட்டுவிடுவார்: "கோடீஸ்வரனுக்கும் லட்சாதிபதிக்கும் நடக்குற சண்டை தோழர், இதுல நமக்கு என்ன இருக்கு?" அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பேஸ்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். மட்டை, பந்து, நான்கு முனை, ஓட்டம். நம்மூர் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆட்டவிதி இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை, ஒப்பந்தவிதிதான் தேவை. அதன் பெயர் ரிசர்வ் விதி. நம்முடைய இடஒதுக்கீட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கதவைத் திறந்து உள்ளே விடுவதற்கானது, இது உள்ளே வந்தவனை வெளியே விடாமல் தாழ்போடுவது.

1879இல் அணி முதலாளிகள் ரகசியமாகக் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் ஐந்து வீரர்களைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும், அந்த ஐவரை வேறு எந்த அணியும் வேலைக்கு எடுக்காது. சில வருஷங்களிலேயே ஐந்து என்பது அணி முழுவதும் என்றாகி, ஒப்பந்தத்திலும் ஏறிவிட்டது. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆனால் ஆண்டு முடிந்ததும் இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருக்கிறதல்லவா? ஆகவே அதையும் புதுப்பிக்கலாம். இப்படியே வீரன் கிழவனாகும்வரை புதுப்பிக்கலாம். முதலாளி நினைத்தால் அவனை வேறு அணிக்கு விற்கலாம், இன்னொருவனுக்கு மாற்றிக்கொள்ளலாம், துரத்தியும் விடலாம். வீரனுக்கு இருந்த உரிமை ஒன்றே ஒன்று: ஆட்டத்தை விட்டு வீட்டுக்குப் போவது.

இதை எதிர்த்து முதலில் சங்கம் கட்டியவர் ஜான் மாண்ட்கோமரி வார்ட் என்ற வெள்ளைக்கார வீரர். ஆடிக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துத் தேறியவர். (இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1913இல், பாபாசாகேப் போய்ச் சேர்ந்த அதே பல்கலைக்கழகம்.) 1885இல் வீரர்களின் சகோதரத்துவ சங்கத்தை உருவாக்கினார். 1887 ஆகஸ்டில் ஒரு பத்திரிகையில், பேஸ்பால் வீரன் என்ன அசையும் சொத்தா என்று தலைப்பிலேயே கேட்டுக் கட்டுரை எழுதினார். தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் பழைய சட்டத்தைப் போன்றது இந்த விதி என்பது அவருடைய வாதம். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து அப்போது இருபத்திரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. உறைக்கும்படியான உவமைதான்.

ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1887 ஜூலை 14 அன்று இன்டர்நேஷனல் லீக் என்ற போட்டித் தொடரின் நிர்வாகிகள் கூடி, இனிமேல் கறுப்பு வீரர்களோடு எந்த ஒப்பந்தமும் ஏற்கப்படாது என்று முடிவெடுத்தார்கள். அன்றைக்கே நியூவார்க் நகரத்தில் ஓர் ஆட்டம். நியூவார்க் அணியில் ஜார்ஜ் ஸ்டோவி, ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பர்கள் இருந்தார்கள். எதிரணியான சிகாகோவின் தலைவர் கேப் ஆன்சன், கறுப்பன் இறங்கும் களத்தில் இறங்க மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதில் பேர்போனவர். ஸ்டோவி அன்று ஆடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு மூடப்பட்டு, அடுத்த அறுபது ஆண்டுகள் பெரிய லீக்குகளில் கறுப்பர் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. நிஜ அடிமைகளின் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த வெள்ளைக்காரர்கள் 'ஐயோ நாங்கள் அடிமைகள்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வார்ட் தனிப்பட்ட முறையில் ஸ்டோவியைத் தன் அணிக்கு எடுக்க ஆசைப்பட்டார் என்றும் சொல்வார்கள். இருக்கலாம். அவருடைய சங்கத்தில் கறுப்பர் இல்லை.

சங்கம் என்ன ஆனது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1888இல் ஸ்பால்டிங் என்ற முதலாளி வீரர்களைத் திரட்டி உலகச் சுற்றுலா கிளம்பினார். வார்டும் கூடப் போனார். 1889 ஜனவரியில் கொழும்பில்கூட இறங்கி ஆடியிருக்கிறார்கள். அணியின் அதிர்ஷ்டப் பொம்மையாக ஒரு கறுப்புப் பையனையும் கூட்டிப்போய் ஊர் ஊராக ஆட வைத்து வேடிக்கை பார்த்தார்கள். வார்ட் கப்பலில் இருந்த நேரம் பார்த்து, இங்கே முதலாளிகள் வீரர்களைத் தரம்பிரிக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஐந்து தரம். மேல் தரத்துக்கு 2,500 டாலர், அதற்கு அடுத்ததற்கு 2,250, இப்படியே இறங்கிக் கடைசித் தரத்துக்கு 1,500. ஆட்டத்திறன் மட்டும் அல்ல, 'நடத்தை'யும் பார்த்துத் தரம் போடுவார்கள். படிநிலை வைத்துப் பிரித்தால் மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனோடு சேர மாட்டான் என்கிற சூத்திரம் நமக்குப் புதுசா என்ன? ஆனால் அந்த முறை வீரர்கள் பிரியவில்லை. 1890இல் தங்களுக்கென்று தனி லீக்கே நடத்தினார்கள். ஓராண்டில் அதற்குப் பணம் போட்டவர்கள் பழைய முதலாளிகளோடு சமரசம் செய்துகொண்டு நழுவிவிட்டார்கள். லீக் செத்தது. ரிசர்வ் விதி பிழைத்தது.

1922இல் உச்ச நீதிமன்றமே அதற்கு ஆயுள் கொடுத்தது. ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகமே அல்ல என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். மாநிலம் மாநிலமாக ரயிலில் போய் டிக்கெட் விற்று ஆடுகிற தொழில் வணிகம் இல்லையாம். 1953இல் மீண்டும் வழக்கு வந்தபோது, முன்பே தீர்ப்பாகிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள்.

முதலாளிகள் தங்களுக்குள் ஒப்பந்தத்தைப் புனிதமாக மதித்தார்கள். ஒருவர் ஒதுக்கிய ஆளை இன்னொருவர் தொடமாட்டார். ஆனால் கறுப்பர்கள் தங்களுக்கென்று கட்டிய லீக்குகளின் ஒப்பந்தத்துக்கு இதே மரியாதை கிடைத்ததா? 1945இல் புரூக்ளின் அணியின் பிராஞ்ச் ரிக்கி, கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பர் லீக் அணியிலிருந்து ஜாக்கி ராபின்சனை எடுத்தார். அந்த அணிக்குக் காலணா கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு நியூவார்க் ஈகிள்ஸ் அணியிலிருந்து டான் நியூகோம்பை எடுத்தார். அதற்கும் ஒன்றுமில்லை. ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லி என்ற பெண்மணி சும்மா இருக்கவில்லை, ஊரறியக் கேட்டார். 1947இல் லாரி டோபியைக் கிளீவ்லாந்து அணி கேட்டபோது போராடி 15,000 டாலர் வாங்கினார். அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் போனார்கள், பார்வையாளர்கள் போனார்கள், கறுப்பர் லீக்குகள் காய்ந்து விழுந்தன. நிறத்தடை உடைந்தது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உடைந்த விதத்தில் யாருடைய சொத்து சொத்தாக மதிக்கப்பட்டது, யாருடையது மதிக்கப்படவில்லை என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இனி ஃப்ளட். 1938இல் பிறந்தவர், ஓக்லாந்தில் வளர்ந்தவர். 1956இல் சின்சினாட்டி அணி அவரை 4,000 டாலருக்கு எடுத்து, தெற்கு மாநிலங்களில் உள்ள சிறிய லீக் அணிகளுக்குப் பழக அனுப்பியது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். அணியினர் சாப்பிடும் ஓட்டலில் அவருக்கு இடமில்லை. பேருந்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லை பின்பக்கச் சமையல்கட்டு வாசலில் வாங்கித் தின்ன வேண்டும். அவர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்து, வேர்வையில் நனைந்த சீருடையைக் கழற்றி, எல்லோருடைய துணியும் கிடந்த குவியலில் போட்டார். உடைமாற்றும் அறையைக் கவனிக்கும் வெள்ளைக்காரன் அலறிவிட்டான். நீளமான ஒரு கழியை எடுத்துவந்து, அந்தச் சீருடையை மட்டும் குத்தித் தூக்கி, கையில் படாமல் தனியாக எடுத்து, கறுப்பர்களுக்கான சலவைக்கடைக்கு அனுப்பினான். கடை தூரம். இரண்டாவது ஆட்டம் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் சலவையான துணியோடு களத்தில் இருக்க, ஃப்ளட் அம்மணமாக அறைக்குள் உட்கார்ந்து துணிக்காகக் காத்திருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு மேற்கொண்டு படிக்க ஓடவில்லை. எந்தக் கழி, எவ்வளவு நீளம் என்றெல்லாம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லையே.

1957 கடைசியில் அவரை செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றினார்கள். அங்கே பன்னிரண்டு பருவம் ஆடினார். நடுவெளியில் அவர் கைக்குத் தப்பிப் பந்து போவது அபூர்வம். சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வாங்கினார். 1964, 1967 இரண்டு ஆண்டும் அணி உலகத் தொடரை வென்றது. அணி முதலாளி ஆகஸ்ட் புஷ் பெரிய பீர் கம்பெனிக்காரர். 1969 மார்ச்சில் அவர் நிருபர்களையும் கூட வைத்துக்கொண்டு வீரர்களை நிறுத்தி ஒரு பேச்சுப் பேசினார். நீங்கள் பணத்தாசை பிடித்துவிட்டீர்கள், ரசிகர்கள் வெறுத்துப்போவார்கள் என்று. தொண்ணூறாயிரத்தைப் பேசி வாங்கிய ஃப்ளட்டுக்கு அது யாருக்கான பேச்சு என்று புரிந்தது.

அக்டோபரில் ஒரு விடிகாலையில் தொலைபேசி. பேசியவர் முதலாளிகூட இல்லை, அலுவலகத்தில் ஒருவர். உன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியாகிவிட்டது என்றார். அந்த மாற்றத்தில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வெளியேறியவர் டிக் ஆலன் என்கிற கறுப்பு வீரர். தன் சொந்த ஊர் ரசிகர்கள் எதையாவது எறிவார்கள் என்பதால் தடுப்பாட்டத்தின்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றவர். அவர் தப்பித்து வருகிற இடத்துக்கு இவர் போக வேண்டும்.

என் தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கம் பண்ணையாள். தன் ஆண்டை நல்லவர் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அடித்ததில்லை, கூலி நெல்லில் பதர் கலந்ததில்லை, பொங்கலுக்கு வேட்டி தவறியதில்லை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு அந்த ஆண்டை மகளைக் கட்டிக்கொடுத்தார். நிலம் சீராகப் போனது. நிலத்தோடு ஒரு ஜோடி மாடு. மாட்டோடு தாத்தா. "யாரும் வையல, அடிக்கல. காலையில வந்து, இனிமே நீ அந்த ஊருடான்னாங்க. மாட்டையும் கேக்கல, என்னையும் கேக்கல" என்பார். அவர் கதையும் ஃப்ளட் கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஃப்ளட் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்த்திருக்கலாம். தாத்தாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆனால் 'கேக்கல' என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தொண்ணூறாயிரம் டாலர் அந்தச் சொல்லை அழிப்பதில்லை.

1969 டிசம்பர் 24 அன்று ஃப்ளட் பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய பிறகும், என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு பொருள் அல்ல. மற்ற அணிகளோடும் பேச எனக்கு உரிமை வேண்டும் என்பது சாரம். கூனின் பதில் பணிவானது. நீங்கள் மனிதர், பொருள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்த விஷயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். இப்படிப்பட்ட பணிவான பதில்கள் நம் மனுக்களுக்கும் வந்திருக்கின்றன. ஆணையர் என்பவர் நடுவர் என்று நினைக்காதீர்கள். அவரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் முதலாளிகள்.

வீரர்கள் சங்கத்துக்கு 1966 முதல் தலைமை தாங்கியவர் மார்வின் மில்லர். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்து பழுத்தவர். 1968இல் முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் போட்டு, ஆறாயிரத்தில் நின்ற குறைந்தபட்சச் சம்பளத்தைப் பத்தாயிரமாக்கியவர். அவர் ஃப்ளட்டிடம் ஒளிக்காமல் சொன்னார்: வழக்கில் தோற்பாய், இனி உனக்கு ஆட்டமும் இருக்காது, பயிற்சியாளர் வேலையும் இருக்காது. என்னால் மற்ற வீரர்களுக்குப் பலன் இருக்குமா என்று ஃப்ளட் கேட்டார். இருக்கும் என்றார் மில்லர். அப்படியானால் சரி என்றார் ஃப்ளட்.

அந்த டிசம்பரிலேயே புவேர்ட்டோ ரிக்கோவில் அணிப் பிரதிநிதிகளின் கூட்டம். அங்கே டாம் ஹாலர் என்ற வெள்ளை வீரர் கேட்டார்: நீ கறுப்பன் என்பதால்தான் இதைச் செய்கிறாயா? ஹாலர் கெட்ட எண்ணத்தோடு கேட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சங்கக் கூட்டங்களில் நம் ஆட்கள் எழுந்தால், 'இது வர்க்கப் பிரச்சினையா, சாதிப் பிரச்சினையா தோழர்' என்று ஒரு குரல் வருமே, அதே குரல். கறுப்பனாகப் பிறந்ததால் உங்களில் பலர் படாததை நான் பட்டிருக்கிறேன், ஆனால் இது எல்லா வீரர்களுக்குமான வழக்கு என்பதுதான் ஃப்ளட்டின் பதில். பிரதிநிதிகள் ஒருமனதாக ஆதரித்தார்கள். வழக்குச் செலவு சங்கத்தினுடையது.

1970 மே மாதம் நியூயார்க்கில் விசாரணை. ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சன் தலை நரைத்து, நோயோடு வந்து சாட்சி சொன்னார். யூதர் என்பதால் தன் காலத்தில் ஏச்சு வாங்கிய ஹேங்க் கிரீன்பெர்க் வந்தார். முன்னாள் முதலாளி பில் வீக்கூட வந்தார். அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட வரவில்லை. கூட ஆடிய நண்பர்கள்கூட இல்லை. பாஸ்டனின் பெரிய நட்சத்திரம் கார்ல் யாஸ்த்ரெம்ஸ்கி வழக்கையே பகிரங்கமாக எதிர்த்தார். கைதூக்கி ஆதரித்த சங்கம், நீதிமன்றப் பெஞ்சில் வந்து உட்கார ஆளில்லாமல் போயிற்று. பயம்தான். சோறு போடுகிறவன் முகத்தை யார் முறித்துக்கொள்வது?

ஃப்ளட் ஒரு பருவம் முழுவதும் ஆடவில்லை. 1971இல் கடன் தொல்லையில் வாஷிங்டன் அணிக்குப் பதின்மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தார்; கால் பழையபடி ஓடவில்லை, மனசும் ஓடவில்லை. நாட்டைவிட்டே போய் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மதுக்கடை நடத்தினார்.

தீர்ப்பு 1972 ஜூன் 19 அன்று வந்தது. பம்பாயில் தலித் பேந்தர்ஸ், கறுப்புப் பேந்தர்களின் பெயரை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அதே ஆண்டு. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட் தோற்றார். நீதிபதி பிளாக்மன் தீர்ப்பின் முதல் பகுதியில் பேஸ்பாலின் பெருமையைப் பாடி, எண்பதுக்கும் மேற்பட்ட பழைய வீரர்களின் பெயர்களை அடுக்கினார். பிறகு, பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு என்பது முரண்தான், ஆனால் நெடுங்காலமாக இருந்துவருகிறது, மாற்றினால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்று முடித்தார். தப்பு என்று தெரிகிறது, பழைய தப்பு என்பதால் தொடரட்டும். கோயில் நுழைவிலும் பொதுக்கிணற்றிலும் நாம் கேட்ட 'மாமூல்' வாதம் இதுதான். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பு நீதிபதி. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு ஃப்ளட் ஏறக்குறைய அடிமையாக இருந்ததாகவே தோன்றும் என்று அவர் எழுதினார். கட்டிவைத்த கயிறு ரிசர்வ் முறை என்பதையும் சேர்த்தே எழுதினார்.

ஆனால் மில்லர் சொன்ன பலன் வந்தது. 1972 ஏப்ரலில் ஓய்வூதியத்துக்காக வீரர்கள் முதல்முறையாக ஒட்டுமொத்தமாக வேலைநிறுத்தம் செய்தார்கள். 86 ஆட்டங்கள் நடக்கவில்லை. 1973 ஒப்பந்தத்தில், பத்தாண்டு ஆடி அதில் கடைசி ஐந்தாண்டை ஒரே அணியில் கழித்தவரை அவர் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது என்று எழுதினார்கள். ஃப்ளட் விதி என்றே அதைச் சொல்வார்கள். கேக்கணும். அவ்வளவுதான் அந்த விதி.

ரிசர்வ் விதியை உடைத்தது நீதிமன்றம் அல்ல, 1970 ஒப்பந்தத்தில் மில்லர் வாங்கி வைத்திருந்த நடுவர் மன்றம். லாஸ் ஏஞ்சலஸ் அணியின் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், சம்மதமில்லாமல் என்னை மாற்றமாட்டோம் என்று எழுதிக்கொடு என்று கேட்டார். மறுத்தார்கள். 1975 முழுவதும் கையெழுத்துப் போடாமலே ஆடினார். டேவ் மெக்நாலியும் அவரோடு சேர்ந்தார். 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாம் என்றால் ஓராண்டுக்குத்தான் என்று தீர்ப்பளித்தார். தமிழ் தெரிந்த ஒரு பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கும். முதலாளிகள் உடனே சைட்ஸை வேலையைவிட்டு நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. ஜெயித்த இருவரும் வெள்ளையர்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. வரிசையை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

1976இல் ஐம்பதாயிரம் டாலரை ஒட்டியிருந்த சராசரிச் சம்பளம் 1992இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதை இறக்க முதலாளிகள் செய்யாததில்லை. 1981இல் ஐம்பது நாள் வேலைநிறுத்தம். எண்பதுகளின் நடுவில் ஒருவர் வீரரை மற்றவர் ஏலம் கேட்பதில்லை என்ற ரகசியக் கூட்டு. பிடிபட்டு 280 மில்லியன் டாலர் கட்டினார்கள். 1994இல் சம்பளத்துக்கு உச்சவரம்பு கேட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வெளியேறினார்கள், உலகத் தொடரே ரத்தானது. அப்போது தற்காலிக ஆணையராக இருந்தவர் பட் செலிக், தானே ஓர் அணியின் முதலாளி. கருங்காலி வீரர்களைத் திரட்டிப் பருவத்தைத் தொடங்கவிருந்த நேரத்தில், 1995 மார்ச் 31 அன்று சோனியா சோடோமயோர் என்ற இளம் நீதிபதி முதலாளிகளுக்கு எதிராகத் தடையுத்தரவு போட்டார். பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அவர்தான். அந்த வேலைநிறுத்த நாட்களில் வீரர்கள் கூட்டம் ஒன்றுக்கு ஃப்ளட்டைப் பேச அழைத்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். இருபத்துநாலு வருஷம் தாமதம்.

1997 ஜனவரி 20 அன்று தொண்டைப் புற்றுநோயில் ஃப்ளட் இறந்தார். வயது 59. அடுத்த ஆண்டு அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெரிய லீக் வீரர்களின் வேலை விஷயத்தில் இனி பேஸ்பாலுக்கு விலக்கு இல்லை என்றது சட்டம். சிறிய லீக் வீரர்களுக்குப் பொருந்தாது என்றும் அதே சட்டம் சொன்னது. அதாவது, துணிக்காக அம்மணமாக உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்கு, அவன் பெயரால் வந்த சட்டத்திலேயே இடமில்லை.

பெரிய வீரர்களின் சங்கமும் பல பத்தாண்டுகள் அந்தப் பையன்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2018இல் நாடாளுமன்றம் அவர்களைக் கூடுதல் நேரக் கூலிச் சட்டத்திலிருந்தும் விலக்கியது. முதலாளிகள் கேட்டு வாங்கிய விலக்கு. ஆடும் மாதங்களுக்கு மட்டும் கூலி, பயிற்சிக்காலத்துக்கு ஒன்றுமில்லை, ஓர் அறையில் ஐந்தாறு பேர். அவர்களில் பாதியளவு லத்தீன் அமெரிக்க ஏழை வீட்டுப் பிள்ளைகள். 2022 செப்டம்பரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் முதல் ஒப்பந்தம். ஏ பிரிவு வீரரின் ஆண்டுச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆனது.